முகமில்லாத நினைவுகள்: ஓவியர் ஜாக் விட்டன் படம் செய்த விதம்



நம் தோழரின் பெயரால் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் கவிதை பற்றிப் பேசியிருக்கிறார்கள், தன்வரலாறு பற்றிப் பேசியிருக்கிறார்கள், பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இந்த முறை ஓர் ஓவியரைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் உடனே சரி என்றார்கள். அவர் அரூப ஓவியர், அவர் படங்களில் மனிதர் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை என்றதும் சற்று யோசித்தார்கள். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. ஒரு கோடு, இரண்டு வட்டம், பல லட்சம் ரூபாய் விலை, அதற்கு ஒருவர் எழுதிய புரியாத கட்டுரை என்பதாகத்தான் அரூப ஓவியம் நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. தீண்டாமைச் சுவரைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இது எதற்கு என்று இங்கே யாராவது நினைத்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நம்மிடையே வரையும் இளைஞர்கள் கடந்த பத்து ஆண்டுகளில் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் தனித்தனியாகச் சொன்ன விஷயம் ஒன்றே. கண்காட்சிக்கு அழைப்பவர்கள் அவர்களிடமிருந்து பறையை எதிர்பார்க்கிறார்கள், துடைப்பத்தை எதிர்பார்க்கிறார்கள், ரத்தத்தை எதிர்பார்க்கிறார்கள். மஞ்சள் நிறத்தின் மேல் இன்னொரு மஞ்சள் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பும் ஒரு பெண்ணிடம், இதில் தலித் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் ஆதிக்க சாதி அறிவுஜீவிகளும் உண்டு, நம் தோழர்களும் உண்டு. இந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு, அதற்குத் தம் கைவேலையால் பதில் சொன்ன ஒரு கறுப்பின ஓவியர் இருந்தார். அவர்தான் ஜாக் விட்டன்.

விட்டன் 1939இல் அலபாமா மாநிலத்தில் பெஸ்ஸமர் என்ற ஊரில் பிறந்தார். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்து ஊர். நிலக்கரியும் இரும்பும் எடுக்கும் பகுதி. அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அம்மா தையல்காரர். அம்மாவின் முதல் கணவர் விளம்பரப் பலகை எழுதுபவர். அவர் விட்டுச்சென்ற தூரிகைகளும் சாமான்களும்தான் சிறுவன் விட்டன் முதலில் கையில் எடுத்தவை. நம் ஊர்களில் கடைப் பலகையும் கட்சிச் சுவரும் எழுதிய எத்தனை பேர் ஓவியர் என்ற பெயர் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார்கள் என்பது இங்கே உள்ள பலருக்குத் தெரியும். தோழரே சுவரெழுத்தில் தொடங்கியவர்தான்.

தான் வளர்ந்த தெற்கு மாநிலங்களை விட்டன் அமெரிக்க அபார்ட்ஹைட் என்றே குறிப்பிட்டார். பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிநீர்க் குழாய் தனி. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவம் படிக்கும் நோக்கத்தோடு டஸ்கீகி கல்லூரியில் சேர்ந்தார். அடிமையாகப் பிறந்து விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வேலை செய்த இடம் அது. வேர்க்கடலை ஆய்வுக்காக உலகம் அறிந்த கார்வர் ஓவியரும்கூட. அலபாமாவின் களிமண்ணிலிருந்து வண்ணங்கள் எடுத்துக் காட்டியவர். விட்டன் சேர்ந்தபோது கார்வர் உயிரோடு இல்லை, ஆனால் அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. ஆய்வுக்கூடமும் ஓவியக்கூடமும் ஒன்றாக இருக்க முடியும் என்ற எண்ணம் விட்டனுக்கு அங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். பின்னாளில் அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் வேறு விதமாக நினைக்க முடியவில்லை.

1957இல் மாண்ட்காமரியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். அகிம்சைப் போராட்டத்தை முழுமனதோடு ஏற்றார். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு ஓவியம் படிக்க லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகருக்குப் போனார். 1960இல் அங்கே மாணவர்களைத் திரட்டி மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு ஊர்வலம் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். வழியெங்கும் வெள்ளையர் அவர்கள் மேல் துப்பினார்கள், மலத்தையும் மூத்திரத்தையும் வீசினார்கள். திருப்பி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அடிக்கவில்லை. ஆனால் இனியும் இங்கே இருந்தால் ஒன்று நான் யாரையாவது கொல்வேன், அல்லது என்னைக் கொல்வார்கள் என்ற முடிவுக்கு வந்து நியூயார்க்குக்குப் பேருந்து ஏறினார். மலம் வீசப்படுவது என்றால் என்னவென்று திண்ணியத்துக்கும் வேங்கைவயலுக்கும் பிறகு நம்மில் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நியூயார்க்கில் கூப்பர் யூனியன் கல்லூரியில் படித்தார். பிற்காலத்தில் அங்கேயே நெடுங்காலம் கற்பித்தார். ஒருபுறம் வில்லெம் டி கூனிங் போன்ற வெள்ளை ஓவியர்களின் பழக்கம், மறுபுறம் நார்மன் லூயிஸ், ரோமேர் பியர்டன், ஜேக்கப் லாரன்ஸ் போன்ற கறுப்பின முன்னோடிகளின் வழிகாட்டல். வயிற்றுப்பாட்டுக்குத் தச்சு வேலை. இந்தத் தச்சு வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து வேலை ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெயர் 'பர்மிங்ஹாம் 1964'. இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய அளவுதான். ஒரு பலகை, அதன் மேல் கறுப்பாக்கிய அலுமினியத் தாள். அந்தத் தாள் நடுவில் கிழிந்து புண் வாய் திறந்ததுபோல் விரிந்திருக்கிறது. உள்ளே ஒரு செய்தித்தாள் புகைப்படம், பர்மிங்ஹாம் போராட்டக்காரர் மீது போலீஸ் நாய் பாயும் படம். அதன் மேல் பெண்கள் காலில் அணியும் மெல்லிய வலையுறை ஒன்று இழுத்துப் போர்த்தப்பட்டிருக்கிறது. 1963 மே மாதம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த வகைப் படம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் அதே நகரத்தில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். விட்டனின் சொந்த ஊருக்குப் பக்கத்தில்.

எல்லோரும் பார்த்துவிட்ட அந்தப் படத்தை அவர் பெரிதாக்கிக் காட்டவில்லை. மறைத்தார். கிழித்துப் பார்த்தால்தான் தெரியும்படி, அப்போதும் தோல் போன்ற ஒரு வலைக்குப் பின்னால் வைத்தார். கொடுமையின் படம் பழகிப்போகும். பழகிப்போன படம் பார்ப்பவனை ஒன்றும் செய்யாது. கீழ்வெண்மணியில் தொடங்கி இன்றுவரை நம்மிடம் எத்தனை படங்கள் இருக்கின்றன! வாட்ஸ்அப்பில் வரும் சடலங்களை நாம் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போவதில்லையா? இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இந்தச் சிக்கலை 1964இலேயே கையில் எடுத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு அவர் முழுக்க அரூபத்தின் பக்கம் நகர்ந்தார். அது எளிதான காலம் இல்லை. 1963இல் பியர்டன், லூயிஸ் முதலியோர் ஸ்பைரல் என்ற குழுவைத் தொடங்கி, கறுப்பு ஓவியனின் கடமை என்ன என்றே வாரக்கணக்கில் விவாதித்தார்கள். அறுபதுகளின் பின்பாதியில் கறுப்புக் கலை இயக்கம் எழுந்தபோது குரல் கூடியது: மக்களுக்குப் புரியும் உருவம் வேண்டும், போராட்டத்துக்குப் பயன்பட வேண்டும், அரூபம் வெள்ளையரின் விளையாட்டு. எதிர்ப்பக்கத்தில் அருங்காட்சியகங்கள் இருந்தன. 1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றிக் கண்காட்சி நடத்தியபோது ஹார்லெம் ஓவியர்களின் ஓவியங்களை வைக்கவில்லை. அந்த மக்களின் புகைப்படங்களை வைத்தது. கறுப்பர்கள் பார்க்கப்பட வேண்டியவர்கள், பார்ப்பவர்கள் அல்ல என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சமூகவியல் வகுப்பில் நாங்கள் படித்த ஆய்வுகளில் நம் மக்கள் எப்போதும் தரவாகவே வந்தார்கள், கோட்பாட்டாளர்களாக வரவில்லை. அந்த ஞாபகம் எனக்கு இங்கே வருகிறது.

இரண்டு பக்கமும் அவரிடம் கேட்டது ஒரே பொருளைத்தான். உன் முகத்தைக் காட்டு. அவர் மறுத்துவிட்டுப் பட்டறைக்குள் போனார்.

இனி அந்தப் பட்டறையைப் பார்ப்போம். எனக்கு இவரிடம் பிடித்ததே இதுதான்.

ஓவியம் என்றால் சட்டத்தில் நிறுத்திய துணி, தூரிகை பிடித்த கை, அந்தக் கையின் வீச்சு. டி கூனிங் தலைமுறை அந்தக் கைவீச்சைத் தெய்வமாக்கியிருந்தது. விட்டனும் அப்படித்தான் தொடங்கினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அதிலிருந்து வெளியேற முடிவு செய்தார். கேன்வாஸைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் போட்டார். தச்சர் அல்லவா, தரை மேல் சமமட்டமான ஒரு பெரிய மேடையை அவரே கட்டினார். தூரிகையை விட்டுவிட்டு ரம்பம், வாரி, தலைமுடி சிக்கெடுக்கும் அஃப்ரோ சீப்பு என்று எதெதையோ கொண்டு வண்ணத்தை இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கருவியைச் செய்தார். 12 அடி நீள மரச்சட்டம். அதற்கு ஒரு கைப்பிடி. சட்டத்தின் அடியில் தேவைக்கேற்ப ரப்பர் விளிம்போ உலோகத் தகடோ பற்களோ பொருத்தலாம். எடை சுமார் 18 கிலோ. டெவலப்பர் என்று அதற்குப் பெயர் வைத்தார். புகைப்பட ஸ்டுடியோவின் இருட்டறையில் படத்தைத் துலங்கச் செய்யும் திரவத்தின் பெயர் அது.

வயல் வேலை தெரிந்தவர்களுக்கு நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பரம்பு. சேற்று உழவு முடிந்ததும் நடவுக்கு முன் பரம்படித்து வயலை மட்டமாக்குவோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். மேடையில் விரித்த கேன்வாஸ் மேல் அக்ரிலிக் வண்ணத்தை அடுக்கடுக்காக ஊற்றுவார். ஓர் அடுக்கு காய்ந்திருக்கும், இன்னொன்று பாதி காய்ந்திருக்கும், மேலே இருப்பது ஈரம். எது எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. கேன்வாஸுக்கு அடியில் கம்பி, நூல், கூழாங்கல் என்று சிலவற்றை ஒளித்து வைப்பார். பிறகு டெவலப்பரைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. சில வினாடிகள். அடியில் இருந்த நிறங்கள் கீறிக்கொண்டு மேலே வரும், ஒளித்து வைத்த பொருள்கள் இழுப்பை இடறச் செய்து அங்கங்கே தழும்பு போடும். முடிந்தது. திருத்த முடியாது. சரியில்லையென்றால் மொத்தமும் வீண்.

நாள்கணக்கில் ஆயத்தம், வினாடிகளில் படம். மனிதக் கையின் நடுக்கமோ கோபமோ அதில் தெரியாது. ஆனால் மனித உடம்பின் முழு எடையும் அதில் இருக்கும். இதே போன்று பெரிய பலகையால் வண்ணத்தை இழுக்கும் முறைக்காக ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரை உலகம் கொண்டாடுகிறது. ரிக்டர் அதைத் தொடங்கியது எண்பதுகளை ஒட்டி. விட்டன் ஒரு பத்தாண்டு முந்தியவர். யாருடைய பெயரால் ஒரு கண்டுபிடிப்பு வரலாற்றில் ஏறுகிறது என்ற கதை எங்கும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில்தான் அவர் தம் வேலையைக் குறிக்கும் வினைச்சொல்லையே மாற்றிக்கொண்டார். படம் தீட்டுகிறேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டுப் படம் செய்கிறேன் என்றார். சின்ன மாற்றம்போலத் தெரியும். நமக்கு இது சின்னது இல்லை. செய்கிறவன் கீழே, சிந்திக்கிறவன் மேலே என்று பிரித்து வைத்ததுதானே சாதி. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். மண்பாண்டம் செய்பவர், தோல் பதனிடுபவர், கூடை முடைபவர் எல்லாம் கைவினைஞர். கல்லூரியில் படித்து வரைந்தால் கலைஞர். விட்டன் இந்தக் கோட்டை மதிக்கவே இல்லை. தச்சனாகவும் வேதியியல்காரனாகவும் ஓவியனாகவும் ஒரே ஆளாக இருந்தார். பல பத்தாண்டுகள் அவர் எழுதிவைத்த பட்டறைக் குறிப்புகள் 2018இல் தனி நூலாகவே வந்தன. வண்ணத்தின் கனம், காயும் நேரம், தோற்றுப்போன சோதனைகள் ஒரு பக்கம் என்றால், காலம், வெளி, இனம் பற்றிய யோசனைகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் அவர் தனித்தனி நோட்டு போடவில்லை.

இசையையும் சொல்லியாக வேண்டும். ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை அறுபதுகளில் கேட்டதும் அவரோடு பேசியதும் விட்டனுக்கு ஒரு திறப்பு. சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல் தகடு தகடாக விரிக்கும் கோல்ட்ரேனின் முறையை ஒளிக்கு மாற்ற முடியுமா என்று பார்த்தார். கறுப்பு மக்களின் ஆகப்பெரிய கலையான ஜாஸ் சொல்லற்றது, உருவமற்றது. அதில் கறுப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பறையின் அடியும் அப்படித்தான். அடிக்குப் பொருள் சொல்லச் சொல்லி எந்தக் கலைஞரையும் நாம் நிறுத்துவதில்லை. ஓவியனிடம் மட்டும் ஏன் அர்த்தம் கேட்டு வழிமறிக்கிறோம்?

1974இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக்கண்காட்சி கிடைத்தது. அதே ஆண்டு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் அங்கே சென்று, நகல் இயந்திரத்தில் போடும் கறுப்புத் தூளைக் கொண்டு படங்கள் செய்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் கறுப்பு வெள்ளை மட்டுமே கொண்ட ஒரு நீண்ட வரிசை. அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

1980இல் அவருடைய பட்டறையில் தீப்பிடித்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் படம் செய்யவில்லை. திரும்பி வந்தபோது முறை முற்றிலும் மாறியிருந்தது. நியூயார்க் தெருக்களில் சாக்கடை மூடிகள், இரும்புக் கிராதிகள், டயர் தடங்கள் இவற்றை அச்செடுத்து, அந்த அச்சில் அக்ரிலிக்கை ஊற்றிக் காயவைத்து உரித்தெடுப்பார். ஊரின் தோல் மாதிரி இருக்கும். அந்தத் தோலைக் கேன்வாஸில் பதிப்பார். தொண்ணூறுகளில் இன்னும் ஒரு படி. கனமான அக்ரிலிக் பாளங்களைக் காயவைத்துச் சிறுசிறு சில்லுகளாக வெட்டி, மொசைக் தரைக்குக் கல் பதிப்பது போல ஒவ்வொன்றாகப் பதித்தார். அதாவது கல் இல்லை, கண்ணாடி இல்லை, ஓடு இல்லை, வண்ணமே கல்லாகிவிட்டது. ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான சில்லுகள். ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால் பார்ப்பவர் நகர நகர ஒளி நகரும். எந்த இடத்தில் நின்றால் படம் சரியாகத் தெரியும் என்பதற்கு விடை இல்லை. கோயில் கருவறைக்கு நேரே நிற்க அனுமதி உள்ளவருக்கு மட்டுமே தரிசனம் என்ற ஏற்பாட்டை அறிந்த நமக்கு இதுவும் கவனிக்கத்தக்கது.

இப்படிச் செய்யப்பட்டவைதான் 'கறுப்பு ஒற்றைக்கல்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய வரிசைப் படங்கள். எண்பதுகளின் இறுதியில் தொடங்கி 2017 வரை செய்தார். ஒவ்வொன்றும் ஒரு கறுப்பின ஆளுமைக்குக் காணிக்கை. ஜேம்ஸ் பால்ட்வின், ரால்ஃப் எல்லிசன், நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா ஜோர்டான், ஜேக்கப் லாரன்ஸ், அமிரி பராகா, மாயா ஏஞ்சலோ, முகமது அலி, இசைக்கலைஞர் சக் பெர்ரி. எதிலும் அவர்களின் முகம் இல்லை. பெரும்பாலும் ஒரு கரிய திரள், பாறை போல, நிமிர்ந்து நிற்கும் உடல் போல. அதற்குள் நூற்றுக்கணக்கான கறுப்புகள்.

1994இல் எல்லிசனுக்காகச் செய்த படத்தில் என்னென்ன பொருள்கள் கலந்திருக்கின்றன என்று அருங்காட்சியகக் குறிப்பு பட்டியல் தருகிறது. அக்ரிலிக்கோடு கரும்புப்பாகு, செம்பு, உப்பு, நிலக்கரி, சாம்பல், சாக்லேட், வெங்காயம், மூலிகை, துரு, முட்டையோடு, சவர பிளேடு. படிப்பவருக்குச் சமையலறையும் கொல்லைப்புறமும் ஒன்றாகக் கவிழ்ந்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கரும்புப்பாகு என்றால் கரும்புத் தோட்டம், கரும்புத் தோட்டம் என்றால் அடிமைக் கப்பல். நிலக்கரி என்றால் சுரங்கத்தில் இறங்கிய அப்பா. உப்பு வேர்வைக்கும் உண்டு, கடலுக்கும் உண்டு. இவை படத்தில் சின்னங்களாக வரையப்படவில்லை. பொருளாகவே உள்ளே இருக்கின்றன. 'புலப்படா மனிதன்' என்ற நாவலை எழுதியவருக்கு, உருவம் தெரியாத ஆனால் எடை உள்ள ஒரு நினைவுக்கல்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. அமெரிக்க அரூப ஓவியத்துக்குக் கோட்பாடு எழுதிய கிளமென்ட் கிரீன்பெர்க், ஒவ்வொரு கலையும் பிற கலைகளிலிருந்து வந்ததை எல்லாம் களைந்து தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். ஓவியத்தில் கதை கூடாது, சிற்பத்தின் புடைப்பு கூடாது, தட்டையான பரப்பும் வண்ணமும் போதும். தூய்மை. இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் உடம்பில் ஏதாவது நடக்கிறதா? எனக்கு நடக்கிறது. தூய கலை, தூய இசை, தூய தமிழ் என்று வரும்போதெல்லாம் யாரையோ வெளியே நிற்கச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வருகிறது. அரூபத்தின் மீது நம் தோழர்களுக்கு இருக்கும் வெறுப்பின் வேர் பெருமளவு இங்கேதான் இருக்கிறது. புரியவில்லை என்பதைவிட, இது அவர்களுடைய அக்ரகாரம் என்ற உணர்வு.

விட்டன் அந்த அக்ரகாரத்துக்குள் வெங்காயத்தோடும் துருவோடும் சாம்பலோடும் நுழைந்தார். அரூபத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதன் தூய்மையைத்தான் கெடுத்தார். சிற்பத்தைப் போல் புடைத்த ஓவியம், கைவினையோடு கலந்த ஓவியம், இறந்தவரின் பெயரைத் தாங்கிய ஓவியம். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பொருளைக் கொண்டே கட்டியது. நான் அவரைத் தலித் அழகியல் மேடைக்குக் கொண்டுவருவதற்குக் காரணம் அவர் நிறம் மட்டுமல்ல, இந்தக் கலப்பும்தான்.

2001 செப்டம்பர் 11 காலையில் அவர் தம் பட்டறை இருந்த லிஸ்பனார்ட் தெருவில் நின்றுகொண்டிருந்தார். முதல் விமானம் கோபுரத்தில் மோதியதைத் தம் கண்ணால் பார்த்தார். உடனே படம் செய்யவில்லை. அதற்கான படம் முடிய 2006 ஆனது. 10 அடி உயரம், 20 அடி நீளம். நடுவில் ஒரு கரிய பிரமிடு. சாம்பலையும் அதில் சேர்த்திருந்தார். நம் ஊரில் ஒரு படுகொலை நடந்தால் மூன்றாம் நாள் கவிதை வராவிட்டால் கவிஞரைச் சந்தேகிக்கிறோம். கண்டன அறிக்கை அன்றே வர வேண்டும், அதில் மறுப்பில்லை. கலைக்கும் அதே கெடு வைப்பது சரிதானா என்று மட்டும் கேட்கிறேன்.

அரூபத்துக்கு எதிரான வாதங்களையும் சொல்லாமல் போனால் நான் வழக்கறிஞர் வேலை பார்த்ததாக ஆகிவிடும். முதல் வாதம்: தலைப்பை எடுத்துவிட்டால் அது எல்லிசனுக்கான படம் என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. உண்மைதான். தலைப்பும் பொருள்களின் பட்டியலும் படத்தின் பாகம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நடுகல்லில் எழுத்து இல்லையென்றால் அதுவும் வெறும் கல்தான்.

இரண்டாவது வாதம் கனமானது. சாட்சியம் சொல்லும் கலை நமக்கு உயிர். 1992இல் பாமாவின் 'கருக்கு' வராமல் இருந்திருந்தால் தமிழ் இலக்கியத்தில் எத்தனை பொய்கள் இன்னும் நிம்மதியாக நடமாடியிருக்கும்! அம்பேத்கர் சிலையும் அப்படியே. தமிழ்நாட்டில் அந்தச் சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு முகத்தைக் கூண்டில் அடைக்கும் அளவுக்கு அதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றால் அந்த முகத்துக்கு வேலை இருக்கிறது. சிலை வேண்டாம், முகம் வேண்டாம், எல்லோரும் அரூபத்துக்கு வாருங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நம் கலைஞர் சாட்சிக் கூண்டில் மட்டுமே நிற்க முடியும், நீதிபதியாகவோ நிலவைப் பார்த்துக்கொண்டிருப்பவராகவோ இருக்க முடியாது என்ற ஏற்பாட்டைத்தான் மறுக்கிறேன். வலியைக் காட்டச் சொல்லிக் கேட்பவர், காட்டிய பிறகு என்ன செய்தார்? பல நேரங்களில் பார்த்தார், கைதட்டினார், போய்விட்டார்.

மூன்றாவது, சந்தை. அரூப ஓவியம் பணக்காரர் வீட்டுச் சுவருக்குப் பொருந்தும், யாரையும் தொந்தரவு செய்யாது. இதுவும் பெரும்பாலும் உண்மை. ஆனால் விட்டனைச் சந்தை பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவே இல்லை. அவருடைய ஐம்பது ஆண்டு ஓவியங்களைத் தொகுத்த பெரிய கண்காட்சி 2014இல்தான் சான் டியேகோவில் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கத்தை 2016இல் ஒபாமா கையால் வாங்கினார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கு முழுமையான கண்காட்சி வைத்தது 2025இல். அவர் 2018 ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

கறுப்பு ஒற்றைக்கல் வரிசையில் ஒன்றை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். 2014இல் செய்தது, டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் காணிக்கை. அந்தப் பெயர் நமக்கு அந்நியம் இல்லை. 1946 ஜூலையில் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். டு போய்ஸ் அதே மாதத்தில் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே. வி. பவார் முதலியோர் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். அரசியலை வாங்கிக்கொண்டோம், கவிதையை வாங்கிக்கொண்டோம். அவர்களின் ஓவியத்தை, அதிலும் உருவம் மறுத்த ஓவியத்தை, இன்னும் நாம் பிரித்துப் பார்க்கவில்லை. நம் அமைப்பின் நூலகத்தில் ஓவிய நூல்களுக்கு அலமாரியே கிடையாது. அடுத்த ஆண்டுக்குள் ஒன்று வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை இந்த மேடையிலேயே வைக்கிறேன்.

விட்டன் 1969 முதல் கோடைகாலங்களைக் கிரேக்கத் தீவான கிரீட்டில், அகியா கலினி என்ற கடலோர ஊரில் கழித்தார். அங்கே மீன்பிடித்தார், மரத்தைக் குடைந்து ஆணி அறைந்த சிற்பங்கள் செய்தார். அவர் இறந்த பிறகே அவை பெரிய அளவில் மக்கள் பார்வைக்கு வந்தன. விற்க வேண்டும், காட்ட வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒருவர் தமக்காகவே செய்துகொண்டிருந்திருக்கிறார்.

2017இல் அவர் செய்த கடைசிப் படங்களில் ஒன்று கறுப்பினத்தவர் யாருக்கும் காணிக்கை ஆக்கப்படவில்லை. இளம் வயதில் தம்மை முதலில் ஈர்த்த ஓவியர் ஆர்ஷில் கார்க்கிக்கு அதைச் செய்திருந்தார். கார்க்கி ஆர்மீனியர். இனப்படுகொலையிலிருந்து சிறுவனாகத் தப்பியவர். அவருடைய அம்மா 1919இல் பட்டினியால் இறந்தார். அம்மாவோடு தாம் நிற்கும் ஒரு பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு கார்க்கி அந்த முகங்களை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி வரைந்தார். பிறகு உருவத்தை விட்டு அரூபத்துக்குப் போனார். அலபாமாவிலிருந்து வந்தவர், தம் கடைசி ஆண்டில், அவருக்காகச் சில்லு சில்லாக வெட்டி ஒரு சுவர் கட்டியிருக்கிறார்.